நாலு பத்து

பன்னீரு திரும்ப வாரானாம்.
கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
காஜா சொன்னபோது
கோமதிநாயகம் நிமிரக்கூட இல்லை.
"எந்தப் பன்னீரு?" என்றான்,
கல்லிடைக்குறிச்சியில் நாலு பன்னீர் இருப்பதுபோல.

ஊதா வெல்வெட் எருமைக்கன்று.
இடக்கொம்பு பாதி.
கண்ணிருக்க வேண்டிய இடத்தில் சட்டைப் பொத்தான்.
மூன்று படம் நடித்துவிட்டுப்
பதினோரு வருஷம்
எந்தப் பெட்டிக்குள்ளோ கிடந்த பயல்.

டிரைலர் ஒன்றே முக்கால் நிமிஷம்.
அதை முக்கால் மணி நேரம் பார்த்தோம்.
பார்த்து முடித்ததும் ஜெபசெல்வி
மருத்துவமனை அடையாள அட்டையைக் கழற்றி
மேசைமேல் போட்டாள்.
"ஏல, அவனுக்குக் காலு முளைச்சிருக்கு."

நிஜந்தான்.
மூன்று படத்திலும் பன்னீருக்கு இடுப்பு வரைதான் உடம்பு.
அதற்குக் கீழே மதில், பெஞ்சு, வைக்கோல்,
ஒருதரம் யாரோ விரித்த குடை.
இப்போது வரப்பில் ஓடுகிறான்,
நாலு காலில், குளம்படிச் சத்தத்தோடு.

"எருமைன்னா ஓடாதா?" என்றான் கோமதி.
"ஓடும். பன்னீரு ஓடமாட்டான்."
"அப்பம் நாலு பத்து?"
யார் கேட்டதென்று நினைவில்லை, நானாகத்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
இரண்டாம் பாகம், முடிதிருத்தும் கடை.
கண்ணாடியில் தன் கொம்பைப் பார்த்துப்
பன்னீரு அழத் திரும்பும்போது
திரையின் வலது கீழ் மூலையில்
ஒரு மணிக்கட்டு. கட்டம்போட்ட சட்டைக் கை.
கடிகாரத்தில் நாலு மணி பத்து நிமிஷம்.
ஒரு மூச்சு நேரந்தான்.
அது தப்பு என்பான் கோமதி. தப்பைக் கும்பிடக் கூடாது என்பான்.
அந்த ஆளுக்கு அன்றைக்குச்
சாயங்கால டீ கிடைத்திருக்குமா என்று
ஜெபா ஒருதரம் உண்மையாகவே கவலைப்பட்டாள்.

குரல் மாறிவிட்டது என்றேன் நான்.
சளி பிடித்த அதே குரல் என்றான் காஜா.
அதற்கே ஒரு புதன்கிழமை போயிற்று.

வெள்ளிக்கிழமை அம்பையில் ரெண்டாம் ஆட்டம்.
நாலாவது வரிசை, கழுத்து வலி.
ஓடினான். பின்னால் பிள்ளைகள் விசில் அடித்தன.
அழுகிற இடம் வந்தபோது
நாங்கள் நாலுபேரும்
அவன் முகத்தைப் பார்க்கவில்லை,
வலது கீழ் மூலையைப் பார்த்தோம்.
புல் இருந்தது. பனித்துளியோடு, ரொம்பச் சுத்தமான புல்.
"எதுக்கும்மா அழுதான்?" என்றது பின்வரிசைக் குழந்தை.
எங்களுக்கும் தெரியவில்லை, கவனிக்கவில்லை.

ஆற்றுப்பாலத்தில் ஜெபா பேசவே இல்லை.
என் ஸ்கூட்டியின் பின்னால்
அரிசி மூட்டைபோல இருந்தாள்.
ரயில்வே கேட் அடைத்திருந்தது.
கோமதியின் கருவிப் பையில் துழாவிய காஜா
கரண்டு வேலைக்குப் போடுகிற
சிவப்பு ரப்பர் கையுறையை எடுத்து
இடக்கையில் மாட்டினான்.
நாலு விரல் மேலுதடு, கட்டைவிரல் கீழுதடு.

"படம் எப்பிடி?" என்றது கையுறை.

"சுமார்," என்றான் கோமதி, கையுறையிடம்.
"குரல் நீதானா?" என்றேன் நான், கையுறையிடம்.
காஜாவின் வாய் அசைவது
கேட் விளக்கில் பட்டப்பகலாகத் தெரிந்தது.
யாரும் அங்கே பார்க்கவில்லை.

ஜெபா இறங்கி வந்தாள்.
குனிந்து, அதன் இல்லாத கண்ணைப் பார்த்து,
"ஏல, உனக்குக் காலு எதுக்குல?"

அது யோசித்தது.
தலையைச் சாய்த்துத் தனக்குக் கீழே பார்த்தது.
அங்கே காஜாவின் முழங்கை இருந்தது,
கொசு கடித்த தழும்போடு.
"தெரியலக்கா. குடுத்தாவ, ஓடுனேன்."

செங்கோட்டை வண்டி போயிற்று.
கேட் ஏறிற்று.
பின்னால் நின்ற வேன் ஒலி எழுப்பித் திட்டியது.
"ஓடுனது பிடிச்சுதால?" என்று
ஜெபா அடுத்த கேள்வி கேட்டுவிட்டாள்.
கிளட்சைப் பிடிக்க வேண்டிய கை
பதில் சொல்லிக்கொண்டிருந்தது.